ஏ.சி. நின்றால் வருகிற அலை

பதினாறு வருடமாக இ.இ.ஜி. எடுக்கிறேன், அதாவது தலையில் எலக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிறேன். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் சீனியர் முதலில் சொல்லிக்கொடுத்தது வியர்வையைப் பற்றித்தான். மே மாதம் கரண்ட் போய் ஏ.சி. நிற்கும். ஐந்து நிமிடம்தான், திரையில் ஓடும் கோடுகள் எல்லாம் தூளி ஆடுவதுபோல மெதுவாக ஏறி இறங்கத் தொடங்கிவிடும். அது மூளை இல்லை, தோலில் ஊறும் வியர்வை. ஃபில்டரைக் கொஞ்சம் ஏற்றினால் கோடு சமத்தாகிவிடும். 'தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வாங்க, எண்ணெய் வேண்டாம்' என்று முதல் நாளே போனில் சொல்வதும் கோடு சுத்தமாக வரத்தான்.

போன மாதம் அக்கா தன் மகனை ஒரு நியூரோஃபீட்பேக் மையத்துக்கு (மூளை அலையைத் திரையில் விளையாட்டுபோலக் காட்டி, அதை மாற்றப் பழக்கும் இடம்) அழைத்துப் போனபோது துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். பையனுக்கு ஒன்பது வயது, ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு) என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. மிக மிக மெதுவான மூளை அலைகளைப் பழக்குவோம், 40 செஷன், அப்புறம் மாத்திரையே தேவைப்படாது என்றார்கள். பையன் பள்ளியிலிருந்து நேரே வந்திருந்தான். காலர் நனைந்திருந்தது. தலையில் பேஸ்ட் வைத்த இடத்தைச் சுற்றி எண்ணெய் பளபளத்தது. தோலைத் தேய்த்துத் துடைக்கக்கூட இல்லை. எனக்குக் கை பரபரத்தது.

எங்கள் லேபில் 0.5 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு அரை அலைக்கு, கீழே வருவதை வழக்கமாக ஃபில்டரில் தள்ளிவிடுவோம். அந்தத் திரையில் 0.0001 என்று இருந்தது. மனக்கணக்குப் போட்டேன்: ஒரு அலை முடிய 10,000 நொடி, இரண்டே முக்கால் மணி நேரம். செஷன் என்னவோ அரை மணிதான். அப்படியானால் பையன் திரையில் பார்க்கிற கார் ரேஸ் எதை வைத்து ஓடுகிறது? கேட்டேன். அது ஃபில்டர் செட்டிங், முழு அலை வரவேண்டியதில்லை, மாற்றத்தைத்தான் காட்டுகிறோம் என்றார்கள். சரி, மாறுவது மூளையா, தோலா? அதற்கு அக்காதான் பதில் சொன்னாள்: "டேய், நீ சும்மா இரு."

மெதுவான அலைகள் என்பதே புரூடா என்று நான் சொல்லவில்லை. சோவியத் ஆய்வாளர் அலட்ஜலோவா 1957-லேயே முயல்களின் மூளையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1960-களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் கோர்ன்ஹூபரும் டேக்கேயும், நாம் விரலை அசைப்பதற்கு ஒரு நொடிக்கும் மேல் முன்பாகவே மூளையின் மின்னழுத்தம் மெல்லச் சரியத் தொடங்குவதைக் கண்டுபிடித்தார்கள். இந்தச் சரிவை ஒருவர் தானே பழகிக் கட்டுப்படுத்த முடியுமா என்று ட்யூபிங்கனில் பீர்பவ்மர் குழு பல வருடம் ஆராய்ந்தது. 1999-ல் 'நேச்சர்' இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையை இன்றைக்குப் படித்தாலும் சிலிர்க்கும். ஏ.எல்.எஸ். நோயால் உடல் முழுக்க முடங்கிய இருவர், இந்த மெதுவான அழுத்தத்தை ஏற்றி இறக்கியே திரையில் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து வாக்கியம் எழுதினார்கள். ஆமை வேகம்தான். ஆனால் ஒரு கண்ணசைவைக்கூட நம்பியிருக்க முடியாதவர்களுக்கு அது பேச்சு.

ஆனால் அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். எலக்ட்ரோடு நகராமல் நிற்கவேண்டும். தோலின் மின்னழுத்தம் கலக்காதபடி அந்த இடத்தைச் சுரண்டித் தயார் செய்யவேண்டும். கண்ணசைவைத் தனியாக அளந்து கழிக்கவேண்டும். ஒவ்வொரு முயற்சியும் சில நொடிதான்: ஏற்று என்றால் ஏற்று, இறக்கு என்றால் இறக்கு. எனக்கு ரொம்பப் பிடித்தது, நடுநடுவே ஃபீட்பேக்கையே மறைத்துவிட்டுச் செய்யச் சொல்வது. திரையில் ஒன்றும் தெரியாதபோதும் அழுத்தம் சொன்ன பக்கம் போனால் பழகுகிறவர் கற்றுக்கொண்டார் என்று அர்த்தம். போகவில்லையா, இன்னும் வரவில்லை. இதில் ஏமாற்ற வழி குறைவு.

இத்தனை கறாராகச் செய்தும் ஏ.டி.எச்.டி.யில் கிடைத்தது என்ன? ஜெர்மனியில் பல மையங்கள் சேர்ந்து 7 முதல் 9 வயதுவரையான 150 குழந்தைகளிடம் சோதித்தார்கள், முடிவு 2017-ல் வெளியானது. ஒரு குழு மெதுவான மூளை அழுத்தத்தைப் பழகியது. இன்னொரு குழு அதே மாதிரி எலக்ட்ரோடு, திரை, பாராட்டு எல்லாம் வைத்துத் தோள்பட்டைத் தசையைப் பழகியது. இரண்டு குழுவும் தேறின. பெற்றோர் மதிப்பீட்டில் மூளைக் குழு கொஞ்சம் முந்தியது, ஆசிரியர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முன்னேற்றம் நிலைத்திருந்தது, ஆனால் இரண்டு குழுவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் போய்விட்டது.

வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து 'அப்படித்தான், நல்லா பண்றே' என்று சொல்லிக்கொண்டே இருந்தால், எந்த ஒன்பது வயதுப் பிள்ளையும் கொஞ்சம் அடங்கும்.

அந்த மையத்தில் செய்தது இன்ஃப்ரா-லோ என்கிற இன்னொரு வகை. அமெரிக்காவில் ஆத்மர் தம்பதி வளர்த்தெடுத்தது. தங்கள் மகனுக்கு வலிப்பு இருந்ததால்தான் அவர்கள் இந்தத் துறைக்கே வந்தார்கள், அந்த அக்கறையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் இதில் ஏற்று, இறக்கு எதுவும் கிடையாது. பிள்ளை படம் பார்த்தால் போதும், மூளை தானே சரிசெய்துகொள்ளும். தூக்கம் வருகிறதா, படபடப்பா என்று கேட்டுக் கேட்டு அந்த ஹெர்ட்ஸ் அளவைத் திருகுவார்கள். ஆதாரம் கேட்டால் பெரும்பாலும் கேஸ் ரிப்போர்ட்டும், சிகிச்சைக்கு முன் பின் ஒப்பீடும்தான். தசைக் குழு போல ஒரு குழுவை எதிரில் வைத்துப் பார்க்காதவரை, முன்னேற்றம் அலையால் வந்ததா, பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரால் வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? அதுவும் எவ்வளவு மெதுவாகப் போகிறோமோ, அவ்வளவுக்கு மூளையையும் வியர்வையையும் பிரிப்பது கஷ்டம். இந்த இடத்தில்தான் கறார் கூடவேண்டும். நான் பார்த்த அறையில் அது குறைந்திருந்தது.

அக்காவிடம் பத்து செஷன் மட்டும் கட்டு என்றேன். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதே என்று இரண்டு முறை சொன்னேன். மையத்தில் ஒன்றே ஒன்று கேட்டேன்: பையனுடைய ஒரு செஷனின் பச்சைப் பதிவு, ஃபில்டர் போடாமல். மெயிலில் அனுப்புகிறோம் என்றார்கள். ஏழு செஷன் முடிந்துவிட்டது, மெயில் இன்னும் வரவில்லை. பையனுக்கு அந்தக் கார் ரேஸ் மட்டும் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.