சாக்பீஸில் வரைந்த கம்ப்யூட்டர்

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பழைய படம் மறுபடியும் வந்தது. கானா நாட்டில் ஒரு வாத்தியார் மைக்ரோசாஃப்ட் வேர்டின் திரையைக் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் வரைந்துகொண்டு நிற்பாரே, அதுதான். கீழே வழக்கம்போல கைகூப்பும் பொம்மைகள், "தியாகச் சுடர்", "இவரல்லவா குரு". இந்த வார்த்தைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

அவர் பெயர் ரிச்சர்ட் அப்பியா அகோட்டோ. அப்போது கானாவின் அஷாந்திப் பகுதியில் செகியேதுமாசே என்ற ஊரில் ஆசிரியர். 2018 பிப்ரவரியில் அவரே முகநூலில் போட்ட படம் அது. அந்தப் பள்ளியில் 2011 முதல் அதுவரை கணினியே இருக்கவில்லை. ஆனால் கானாவில் ஜூனியர் ஹைஸ்கூல் முடிக்கும் பிள்ளைகளின் பொதுத்தேர்வில் கணினிப் பாடம் உண்டு. மவுஸைத் தொட்டே பார்க்காத பிள்ளையும் எழுதித்தான் ஆக வேண்டும். கணினி வராத பள்ளிக்கும் கேள்வித்தாள் மட்டும் தவறாமல் வந்துவிடும்.

சரி, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மெனு வரிசை, அதன் கீழே டூல்பார், நடுவில் வெள்ளைத் தாள் இருக்கும் இடம். நான் இருபது வருஷமாக தினமும் வேர்டில் வேலை பார்க்கிறவன். ஒரு தாளை எடுத்து நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். ஃபைல், ஹோம், இன்சர்ட் வரை வந்தது. அப்புறம் கை நின்றுவிட்டது. அந்த மனிதர் அதையெல்லாம் எடுத்துப் பலகையில் வைத்து, கடைசி பெஞ்சுப் பையனுக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக்கி, எந்தப் பொத்தான் எதற்கு என்று புரியவைக்கிறார். இது கை தேர்ந்த வேலை. "தியாகம்" என்று ஒரு வார்த்தையைப் போட்டு மூடினால் அந்த வேலை கண்ணிலேயே படாது.

கென்யாவின் பீட்டர் தபிச்சிக்கும் இதே கதிதான். பிரான்சிஸ்கன் துறவி, நகுரு மாவட்டத்தில் கெரிகோ என்ற பள்ளியில் கணக்கும் இயற்பியலும் நடத்தியவர். 2019-இல் துபாயில் அவருக்கு உலக ஆசிரியர் விருது கொடுத்தார்கள், 10 லட்சம் டாலர். சம்பளத்தில் 80 சதவீதத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார் என்பதுதான் எல்லாச் செய்தியிலும் தலைப்பு. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆசிரியருக்கு 58 பிள்ளைகள், பள்ளி முழுவதற்கும் ஒரே கணினி, வந்து வந்து போகும் இணையம் என்ற நிலையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பாடத்துக்கு வேண்டியதை இறக்கி வைத்துக்கொண்டு, இணையம் இல்லாமலேயே வகுப்பில் காட்டினார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அவரும் சக ஆசிரியர்கள் நான்கு பேரும் வார இறுதியில் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார்கள், வீட்டுக்கே போய்ப் பெற்றோரைப் பார்த்தார்கள். 2007 தேர்தலுக்குப் பிறகு இனக் கலவரத்தில் அடிபட்ட பகுதி அது. அதனால் பள்ளியில் அமைதிக்கென்று ஒரு சங்கமே தொடங்கினார். அவருடைய மாணவர்கள் உள்ளூர்ச் செடிகளிலிருந்து மின்சாரம் எடுத்துக்காட்டிப் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரியிடம் பரிசு வாங்கினார்கள். அந்த நான்கு ஆசிரியர்களின் பெயர் எந்தத் தலைப்பிலும் வரவில்லை. அது வேறு கதை.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தியாகி என்று சொல்லிவிட்டால் சம்பளம் பற்றிப் பேசுவது அசிங்கம் போல ஆகிவிடுகிறது. சாட், மடகாஸ்கர் போன்ற நாடுகளில் அரசு ஆள் போடாத பள்ளிகளில் பெற்றோர் சங்கமே ஆசிரியரை அமர்த்திக்கொள்கிறது. மடகாஸ்கரில் சில இடங்களில் கூலியாக அரிசி அளந்து கொடுப்பார்கள். கொடுக்கிறவர்களும் ஏழைகள்தான், விளைச்சல் பொய்த்தால் வாத்தியாருக்கும் இல்லை. அவர் மறுநாளும் வந்து பாடம் நடத்தினால் கைதட்டுகிறோம். ஒருநாள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தால், "பிள்ளைகள் படிப்பு என்னாவது" என்று அதே வாயால் கேட்கிறோம்.

அகோட்டோவின் படம் பரவிய பிறகு மைக்ரோசாஃப்ட் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தது, பள்ளிக்குக் கணினிகள் நன்கொடையாக வந்தன. நல்லது.

குடும்பக் குழுவில் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "வேர்டில் இன்சர்ட்டுக்கு அடுத்து என்ன இருக்கும், பார்க்காமல் சொல்லுங்கள்." யாரும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கைகூப்பும் பொம்மைகள் வந்தன.