உலகம் சுற்றும் டிக்கெட்: ஊர்களுக்கு முன்னால் கணக்கை முடிவு செய்யுங்கள்

உலகம் சுற்றும் டிக்கெட் எடுக்கப் போகிறேன் என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், சுற்றி இருப்பவர்கள் ஊர்ப் பெயர்களை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். டோக்கியோவை விட்டுவிடாதே, சிட்னியில் ஒரு வாரமாவது தங்கு, நியூயார்க்கை கடைசியில் வை. பறப்பதற்காக விமான நிறுவனங்கள் தரும் புள்ளிகளான மைல்களை எந்த நிறுவனத்தின் கணக்கில் சேர்க்கப் போகிறாய் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் கேள்வி. ஊர்கள் அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ், அமெரிக்கன் போன்ற விமான நிறுவனங்கள் சேர்ந்த ஒன்வேர்ல்ட் கூட்டணியின் எக்ஸ்ப்ளோரர் டிக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அதிகபட்சம் 16 செக்டார் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் ஒவ்வொரு பயணமும் ஒரு செக்டார்), ஓராண்டு செல்லுபடி. கிழக்கோ மேற்கோ ஒரே திசையில் போக வேண்டும், அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் ஒவ்வொரு முறை கடக்க வேண்டும், கிளம்பிய நாட்டிலேயே வந்து முடிக்க வேண்டும். விலையை முடிவு செய்வது எத்தனை கண்டம், எந்த வகுப்பு, எந்த நாட்டில் தொடங்குகிறீர்கள் என்பவை. நீங்கள் பறக்கும் தூரம் விலையில் வரவே வராது. ஆனால் மைல்கள் பெரும்பாலும் தூரத்தை வைத்துத்தான் ஏறுகின்றன. இந்த இடைவெளியில்தான் மொத்த லாபமும் இருக்கிறது.

இந்த டிக்கெட்டின் விதியில் ஐரோப்பாவும் மத்திய கிழக்கும் ஒரே கண்டம். கெய்ரோவும் காசாபிளாங்காவும்கூட அதற்குள்தான் வரும். அதனால் லண்டனில் இறங்கியவர் தோஹாவுக்குப் பறந்தால் கண்டம் மாறவில்லை, விலையும் ஏறவில்லை. சுமார் 5,200 கிலோமீட்டர் மட்டும் கணக்கில் ஏறுகிறது. ஒரு கண்டத்துக்குள் பொதுவாக 4 செக்டார் வரை, வட அமெரிக்காவில் 6 வரை. அதை ஒரு மணி நேரப் பயணங்களில் தீர்ப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. இன்னொன்று: ஒரு ஊரில் இறங்கி ரயிலில் போய் வேறு ஊரில் விமானம் ஏறினால், அந்தத் தரைவழியும் ஒரு செக்டாராகவே எண்ணப்படும்.

சரி, கணக்கு எது? இங்கே பழைய ஆலோசனைகளை நம்பாதீர்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் ஒரு காலத்தில் 2,000 மைல் தூரத்தைத் தாண்டிய ஒவ்வொரு பிசினஸ் கிளாஸ் பயணத்துக்கும் 140 டியர் பாயின்ட் கிடைத்தது. இவை சேரச் சேர உறுப்பினர் நிலை, அதாவது ஸ்டேட்டஸ், உயரும். அதனால் 2,000 மைலைக் கொஞ்சமே தாண்டும் விமானங்களாகத் தேடித் தேடிக் கோத்தார்கள். 2025 ஏப்ரலில் அந்த முறையே மாறி, செலவழிக்கும் பணத்தை மையமாக வைத்த திட்டம் வந்துவிட்டது. அதேபோல ஈஸ்டர் தீவு இருக்கும் பழைய வழித்தடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அங்கே பறக்கும் தென் அமெரிக்க நிறுவனமான லாதம் 2020 மே மாதமே கூட்டணியை விட்டு வெளியேறிவிட்டது.

குவாண்டாஸ் ஒவ்வொரு விமானத்துக்கும் தூரத்தையும் வகுப்பையும் பார்த்துத் தனித்தனியாக ஸ்டேட்டஸ் கிரெடிட் தருகிறது, ஸ்டேட்டஸை உயர்த்தும் புள்ளி அது. நிறைய செக்டார் உள்ள டிக்கெட்டுக்கு இது நல்ல பொருத்தம். முதல் முறை கோல்ட் ஸ்டேட்டஸ் எட்ட 700 கிரெடிட் வேண்டும். ஆனால் குவாண்டாஸ் அல்லது ஜெட்ஸ்டார் விமானங்களில் நான்கு முறையாவது பறந்திருக்க வேண்டும், ஆகவே அதற்கு வழியில் இடம் வையுங்கள். அமெரிக்கன் ஏர்லைன்ஸ், கூட்டணியின் மற்ற நிறுவன விமானங்களுக்குத் தூரத்தையும் வகுப்பையும் வைத்து, ஸ்டேட்டஸுக்கான லாயல்டி பாயின்ட் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கில் சபையர் (கூட்டணி முழுக்கச் செல்லும் ஒரு ஸ்டேட்டஸ் நிலை) வாங்கியவருக்கு, அமெரிக்க உள்நாட்டுப் பயணம் மட்டும் என்றால் லவுஞ்ச், அதாவது விமான நிலைய ஓய்வறை, கிடையாது. குவாண்டாஸ் கோல்டும் அதே சபையர்தான், அவருக்கு அதே விமான நிலையத்தில் கதவு திறக்கும். அமெரிக்காவுக்குள் 6 செக்டார் போடப் போகிறவர் இதை யோசிக்காமல் இருக்கவே கூடாது.

இதைவிட முக்கியம், திட்டத்தின் ஆண்டு எப்போது முடிகிறது என்பது. அமெரிக்கனுக்கு மார்ச் முதல் பிப்ரவரி வரை, பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, குவாண்டாஸில் நீங்கள் சேர்ந்த மாதத்தைப் பொறுத்தது. டிக்கெட் ஓராண்டு செல்லும் என்பதற்காகப் பயணத்தை இழுத்து, இரண்டு ஆண்டுகளில் பாதிப் பாதியாக விழ வைத்தால், இரண்டிலுமே ஸ்டேட்டஸ் வராது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது. 2026 பிப்ரவரியில் அமெரிக்கனில் எட்டிய ஸ்டேட்டஸ் 2027 மார்ச் 31 வரைதான். அதையே ஏப்ரலில் எட்டினால் 2028 மார்ச் 31 வரை. இரண்டு மாதம் தள்ளிப் போனதற்கு ஓராண்டு கூடுதல்.

பிசினஸில் போகிறவருக்கு லவுஞ்சும் கூடுதல் பெட்டியும் டிக்கெட்டிலேயே இருக்கின்றன. அவர் ஆண்டின் தொடக்கத்திலேயே பறந்துவிட்டால், ஸ்டேட்டஸை நீண்ட நாள் அனுபவிக்கலாம். எகானமிக்காரர் வேறு மாதிரி அடுக்க வேண்டும்: நீண்ட பயணங்களை முதலில் வைத்து, பாதி வழியில் சபையரை எட்டிவிட்டால், மீதி உலகத்தை லவுஞ்சோடு சுற்றலாம். ஆனால் எகானமி உலக டிக்கெட் பதிவாகும் எல் என்ற எழுத்து வகுப்புக்குப் பல திட்டங்கள் குறைவாகத்தான் தருகின்றன. மைலுக்காக மட்டுமே எகானமியில் உலகம் சுற்றுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பிசினஸ் டிக்கெட் டி வகுப்பில் பதிவாகும், கூட்டாளிகள் அதற்குத் தாராளமாகவே தருகிறார்கள்.

இன்னொரு செலவையும் மறக்காதீர்கள்: லண்டனில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கிவிட்டு நீண்ட தூரம் பறந்தால், பிரிட்டனின் பயணி வரி பிசினஸ் கிளாஸில் நன்றாகவே கடிக்கும். இணைப்பு விமானமாக அதற்குள் கிளம்பிவிட்டால் வரி இல்லை.

டிக்கெட் கைக்கு வந்ததும் ஒவ்வொரு செக்டாரிலும் எந்த நிறுவனத்தின் விமான எண், எந்த எழுத்து வகுப்பு என்று பாருங்கள். ஒரே விமானம், ஒரே இருக்கை, ஆனால் விமான எண் வேறு நிறுவனத்துடையது என்றால் ஏறும் மைலும் மாறும். மைல் கணக்கில் ஏறும்வரை போர்டிங் பாஸ் ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். விட்டுப்போனதைக் கேட்டு வாங்க அதைத்தான் முதலில் கேட்பார்கள்.