அந்தப் பச்சை பியூஸை வைத்தவர் யார்?

பியூஸ் எரிவதற்காகவே வைக்கப்படுகிறது. தான் எரிந்து வயரையும் வண்டியையும் காப்பாற்றுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. வண்டி வயரிங்கில் கை வைத்துக் காசு வாங்குகிறவர்களுக்கே இது புரியவில்லை என்றால் நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

போன மாதம் தர்மபுரியில் ஒரு கல்யாணச் சமையலை முடித்துவிட்டுச் சேலத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். 2004 மாடல் வேன். எனக்கு முன்பு இரண்டு பேர் கை மாறி வந்தது. பக்கத்தில் என் மனைவி, பின்னால் அண்டாக்களுக்கு நடுவே பரிமாற வந்த இரண்டு பையன்கள். இரவு 11.30 மணி, நல்ல மழை. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நொடியில் அணைந்தன. அந்த இறக்கத்தில் இரவில் ஓட்டியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பின்னால் பாரம் ஏற்றிய லாரி ஹாரனை அடித்துக்கொண்டே வருகிறது, முன்னால் சாலை எங்கே வளைகிறது என்று தெரியவில்லை. எப்படியோ ஓரம் கட்டினேன். விடியும்வரை அங்கேயே கிடந்தோம். என் மனைவியின் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் முதல் எலக்ட்ரீஷியன் பல்பை மாற்றினார். இரண்டு பல்பும் ஒரே நொடியில் போகுமா என்று கேட்டேன், பதில் இல்லை. இரண்டாமவர் பேட்டரி போய்விட்டது என்றார். வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது, எப்படிப் போகும்? மூன்றாமவர் ரிலேவுக்கு, அதாவது ஸ்விட்சின் சின்னக் கரண்டை வாங்கி ஹெட்லைட்டின் பெரிய கரண்டைத் திறந்து மூடும் டப்பாவுக்கு, அருகே காதை வைத்து ஸ்விட்சைப் போடச் சொன்னார். ‘டிக்’ என்று சத்தம் வந்தது. “ரிலே நன்றாக இருக்கிறது. பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும். பேனலையே மாற்றிவிடலாம்” என்றார். மூன்று பேரில் ஒருவர்கூட வோல்ட் பார்க்கும் மீட்டரை வெளியே எடுக்கவில்லை.

‘டிக்’ சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் காயில் என்கிற கம்பிச்சுருள் வேலை செய்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். 85, 86 என்று எண் போட்ட கால்கள் அந்தக் காயிலுக்கு உரியவை. ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்ட் 30-இல் நுழைந்து 87 வழியாக வெளியேறுகிறது. அந்தப் பாதை கருகிக் கிடந்தாலும் ரிலே ‘டிக்’ என்றுதான் சொல்லும். லைட்டைப் போட்டுவிட்டு, 30-க்கும் 87-க்கும் வரும் வயர்களில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்த்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசியில் 300 ரூபாய் மீட்டரை வாங்கி நானே பார்த்தேன். 30-இல் 12.2 வோல்ட், 87-இல் 7. மீதி 5 வோல்ட் அந்த சாக்கெட்டுக்குள்ளேயே சூடாகிக்கொண்டிருந்தது. ரிலேவைப் பிடுங்கிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது, உள்ளே இருந்த பித்தளைப் பிடி கருத்து, தளர்ந்து போயிருந்தது.

அதற்குப் பக்கத்திலேயே ஹெட்லைட் பியூஸ் கொஞ்சம்கூட வாடாமல் உட்கார்ந்திருந்தது. பச்சை நிறம். பச்சை என்றால் 30 ஆம்பியர். அந்த இடத்தில் இருக்க வேண்டியது நீல நிற 15 ஆம்பியர் பியூஸ். பியூஸ் பெட்டியின் மூடியைத்தான் எவரோ எப்போதோ தூக்கி எறிந்துவிட்டார்களே! எந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் என்ற அட்டவணை அந்த மூடியின் உட்பக்கம்தான் இருக்கும். இதே மாடல் வேன் வைத்திருக்கும் நண்பரின் வண்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். யாரோ வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்பைப் போட்டிருக்கிறார்கள் (முதல் எண் ஹை பீமுக்கு, அடுத்தது லோ பீமுக்கு). ஹை பீமில் இரண்டும் சேர்ந்து 200 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 16.7 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் எரிந்திருக்கிறது. எரிய வேண்டியதுதான், அது தன் கடமையைச் செய்திருக்கிறது. ஏன் எரிகிறது என்று பார்க்காமல் பச்சை பியூஸைச் செருகி அதன் வாயை அடைத்துவிட்டார்கள். அதன்பின் சூடு முழுவதையும் இருபது வருடப் பழைய வயரும் சாக்கெட்டும் தாங்கியிருக்கின்றன.

இது ஒன்றோடு நிற்கவில்லை. ஹாரன் பியூஸின் கால்களில் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. ஃபேன் பியூஸ் இருந்த இடத்தில் பியூஸே இல்லை, முறுக்கிய செம்புக் கம்பி! ஷார்ட் ஆனால் வயர்தான் பற்றி எரியும். என் வேனில் அந்தப் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு அருகில் இருக்கிறது. ஒரு பியூஸ் பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாயை மிச்சம் பிடித்தவர் என் பிள்ளைகள் ஏறும் வண்டிக்குள் நெருப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவசரத்துக்குச் செய்தேன் என்று சொல்லாதீர்கள். அவசரத்துக்குச் சுற்றியதை மறுநாள் அவிழ்க்கக் கை வராதா? வண்டியை விற்கும்போதாவது ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா?

சாக்கெட்டையும் ரிலேவையும் மாற்றிவிட்டேன். பழைய அளவு பல்பே திரும்ப வந்துவிட்டது, நீல பியூஸும் வந்துவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை ஆம்பியர் என்று அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனால் பெட்டிக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய ஒரு சிவப்பு வயர் இருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் அதில் 12 வோல்ட் வருகிறது, பியூஸ் எதுவும் இல்லாமல். எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தரை விரிப்பைக் கிழித்துப் பார்க்கப்போகிறேன். அதுவரை பேட்டரி வயரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.