பக்கத்து வீட்டில் யார் என்று தெரிந்துகொள்வது வம்பு இல்லை

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடிப் பெரியவருக்காக ஆம்புலன்ஸ் வந்த அன்று, கதவருகே நின்றவர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியவில்லை. அதைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன், இனி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது என் வேலையா?" என்று அந்தப் பதிவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். அதற்கு விழுந்த லைக்குகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆமாம், உங்கள் வேலைதான். என் வேலையும்தான்.

ஆம்புலன்ஸில் வந்த பையன் கேட்டது இவ்வளவுதான்: பெயர் என்ன, சர்க்கரை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? நான் மேலே ஓடிப் போனபோது, ஒருவர் கதவோரம் கிடந்த கூரியர் உறையைப் புரட்டிப் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார். எத்தனை வருடமாக ஒரே லிஃப்டில் ஏறி இறங்கிய மனிதர்! பெரியவருடைய மகளின் எண் என்னிடம் இருந்தது. மாத்திரைப் பெயர்களை அவர்தான் போனில் சொன்னார். இதற்காக எனக்குக் கிடைத்த பட்டம், "எல்லார் வீட்டு விஷயமும் தெரிந்த ஆள்". சரி, இருக்கட்டும்.

1995 ஜனவரி 17 அதிகாலையில் ஜப்பானின் கோபே பகுதியை உலுக்கிய பூகம்பத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானோரை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அருகிலிருந்த அவாஜி தீவில் ஹொகுதான் என்று ஓர் ஊர். எந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில் படுப்பார் என்பதுவரை அங்கே பக்கத்து வீட்டாருக்குத் தெரியும். நேராக அந்த இடத்தைத் தோண்டினார்கள். அன்று மாலைக்குள் தேடுதல் முடிந்துவிட்டது. இதை வம்பு என்பீர்களா?

அவ்வளவு தூரம் போவானேன். என் அம்மாவுக்கு ஆஸ்துமா. அப்பாவுக்கு இரவு வேலை. மூச்சு முட்டினால் அம்மாவால் கூப்பிட முடியாது, சுவரைத் தட்டுவாள். பக்கத்து வீட்டு அத்தை தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு வருவார். இன்ஹேலர் எந்த அலமாரியில் என்பது சின்னப் பையனான எனக்கு முன்பே அவருக்குத் தெரியும். அந்த அத்தையையும் நாலு பேர் ஏதோ சொல்லியிருப்பார்கள்.

"பிரைவசி" என்று உடனே வருவீர்கள். பெயரும் அவசரத்துக்கு ஓர் எண்ணும் தெரிந்தால் எந்தப் பிரைவசி போய்விடும்? "நேரமில்லை" என்பதற்குப் பதிலே சொல்லப் போவதில்லை. ஆனால் தனியாக வசிக்கும் ஒரு பெண் எழுதியிருந்தது வேறு: சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ராத்திரி யார் வந்தது என்று துருவித் துருவிக் கேட்பவர்களுக்குப் பயந்தே கதவைச் சாத்திக்கொள்கிறேன் என்கிறார். அவர் சொல்வது நியாயம். அப்படிக் கேட்பவர்கள்தான் இந்தப் பேச்சையே கெடுத்தவர்கள். அவரிடம் நான் வாதாடவில்லை. நம்பிக்கையான ஒரே ஒரு வீட்டிலாவது அவர் எண் இருக்கட்டும், அது போதும்.

எனக்கு வலிப்பது, அந்தக் கேள்விக்கு லைக் போட்ட பலரும் அன்று அந்தக் கதவருகே நின்றவர்கள் என்பதுதான். நேரில் பார்த்த பிறகும் எப்படி மனது வந்தது?

கேள்வி கேட்டவருக்கு ஒன்று. நீங்கள் வேலைக்குப் போன பிறகு உங்கள் அம்மா மாலைவரை தனியாக இருக்கிறார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று நின்று இறங்குகிறார். எனக்கு அவரைத் தெரியும், பேசுவோம். உங்கள் எண்தான் என்னிடம் இல்லை. இன்றைக்கே இன்பாக்ஸில் அனுப்பிவிடுங்கள்.