மாவுக்கட்டும் கிட்டியும்

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு போட்டோ போட்டார். போலீசில் பிடிபட்ட நான்கு பையன்கள் வரிசையாக நிற்கிறார்கள், நான்கு பேருக்கும் வலது கையில் மாவுக்கட்டு. கீழே, 'ஸ்டேஷன் பாத்ரூம் இன்னும் வழுக்குது போல' என்று ஒரு வரி. குழுவே சிரித்தது. அத்தை மட்டும் கும்பிடு போட்டிருந்தார், போலீசுக்கு. பார்த்த உடனே எனக்கும் சிரிப்பு வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

சட்டம் படித்துவிட்டு வக்கீலாகாமல் வேறு வேலைக்குப் போனவன் நான். படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காத பெயர்களில் ஒன்று ஹெர்பர்ட் பேக்கர். ஸ்டான்ஃபோர்டில் சட்டப் பேராசிரியராக இருந்தவர். 1964-ல் ஒரு கட்டுரையில், குற்றவியல் நீதியை இரண்டு மாதிரிகளாகப் பிரித்துக் காட்டினார்.

ஒன்று குற்றக் கட்டுப்பாட்டு மாதிரி. ஃபேக்டரியில் ஓடும் பெல்ட் போன்றது. பிடிபட்டவனைப் போலீஸ் விசாரித்து ஆரம்பத்திலேயே சலித்துவிடும். சம்பந்தமில்லாதவன் அங்கேயே விடப்படுவான், மிச்சமிருப்பவன் அநேகமாகக் குற்றவாளிதான். அவனை வேகமாக அடுத்தடுத்த கட்டத்துக்குத் தள்ளி, தண்டனை கொடுத்து முடிக்க வேண்டும். இன்னொன்று உரிய நடைமுறை மாதிரி. இதைத் தடை ஓட்டம் என்றார் பேக்கர். ஒவ்வொரு கட்டத்திலும் அரசாங்கம் ஒரு தடையைத் தாண்டியாக வேண்டும்: கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வக்கீலை விட வேண்டும், சாட்சியைக் கூண்டில் ஏற்ற வேண்டும். தாண்ட முடியாவிட்டால், அவன் உண்மையிலேயே செய்திருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

பலர் இதைக் கண்டிப்புக்கும் கருணைக்கும் நடக்கும் சண்டையாகவே பார்க்கிறார்கள். மனித உரிமை பேசுகிறவன் இளகிய மனசுக்காரன், என்கவுன்டருக்குக் கைதட்டுகிறவன் நடைமுறை தெரிந்தவன் என்று ஒரு கணக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெல்ட்டை ஆதரிப்பவர் ஒரு விஷயத்தை நம்பியே ஆக வேண்டும்: போலீஸ் ஸ்டேஷனில் நடக்கும் அந்த முதல் சலிப்பு சரியாக நடக்கிறது என்பதை. என் சண்டை அந்த நம்பிக்கையோடுதான்.

குருகிராமில் 2017 செப்டம்பர் 8 அன்று நடந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். பள்ளிக் கழிவறையில் ஏழு வயதுச் சிறுவன் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டான். அன்றைக்கே ஸ்கூல் பஸ் கண்டக்டரைப் பிடித்தார்கள். அவர் டிவி கேமராக்கள் முன்னாலேயே நான்தான் செய்தேன் என்றார். நாடே பார்த்தது. தூக்கில் போடு என்று கத்தாதவர்கள் குறைவு. அப்புறம் வழக்கு சிபிஐக்குப் போனது. நவம்பரில் அதே பள்ளியின் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனை சிபிஐ பிடித்தது. கண்டக்டருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்றானது, 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. அடித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்று அவர் பிறகு சொன்னார்.

இதோடு ஹைதராபாத்தை வைத்துப் பாருங்கள். 2019 நவம்பரில் கால்நடை மருத்துவரான ஓர் இளம்பெண் வன்கொடுமை செய்யப்பட்டு எரிக்கப்பட்டார். டிசம்பர் 6 விடியற்காலையில், கைதான நான்கு பேரைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். ஜனங்கள் போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளியானது. கொல்ல வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் சுட்டார்கள், செத்தவர்களில் மூன்று பேர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்று அது சொன்னது. அந்த நால்வரும் செய்தார்களா இல்லையா என்பதை இனி எந்த நீதிமன்றமும் விசாரித்துச் சொல்லப் போவதில்லை.

அந்தக் கண்டக்டரையும் அப்படி ஒரு விடியற்காலையில் கூட்டிப்போயிருந்தால்? அவர் மேலும் மண் விழுந்திருக்கும், சுட்டவர்கள் மேலும் பூ விழுந்திருக்கும். நாமும் ஒரு நல்ல காரியம் நடந்தது என்று நினைத்தபடியே இருந்திருப்போம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மாவுக்கட்டையும் என்கவுன்டரையும் பேக்கர் தலையில் கட்ட முடியாது. அவருடைய பெல்ட்டும் நீதிமன்றம் வழியாகத்தான் ஓடுகிறது. நம்மூரில் பெல்ட்டின் கடைசியில் வர வேண்டிய சரக்கு முதலிலேயே இறங்கிவிடுகிறது.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்பதை ஏதோ வெள்ளைக்காரன் நமக்குப் பொருந்தாமல் எழுதி வைத்த விதி என்று சிலர் பேசுகிறார்கள். அந்த விதிக்குப் பின்னால் இருப்பது நம்மூர்க் கதைதான். 1855-ல் மெட்ராஸ் மாகாணத்துச் சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் ஓர் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் அரசாங்கச் சிப்பந்திகள் என்னென்ன செய்தார்கள் என்று அதில் பட்டியலே இருக்கிறது. கிட்டி என்ற தமிழ்ச் சொல் அந்த ஆங்கில அறிக்கையில் அப்படியே வருகிறது. எலுமிச்சம்பழம் பிழியும் கட்டை மாதிரி இரண்டு பலகை, நடுவில் கையையோ காதையோ வைத்து நெருக்குவது. இந்தப் பின்னணியில்தான் போலீசிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியமாகாது என்ற விதி 1861-ல் வந்தது, 1872 சாட்சியச் சட்டத்தில் 25-ஆம் பிரிவாக உட்கார்ந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எண்தான் 23 என்று மாறியிருக்கிறது. அன்றைக்குக் கிட்டி, இன்றைக்கு மாவுக்கட்டு. இரண்டும் கையைத்தான் தேடி வருகின்றன.

அந்த விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்று பார்க்கவும் தூரம் போக வேண்டாம். பயங்கரவாதத்தைத் தடுக்க என்று கொண்டுவந்த தடா சட்டம், போலீசில் எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் 26 பேருக்கும் தூக்கு. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் தடா குற்றமே இதில் பொருந்தாது என்றது, 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் ஏற்றுக்கொண்டது. 19 வயதில் கைதான பேரறிவாளனின் தூக்கை உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததற்கு முக்கியக் காரணம் அப்படி ஒரு வாக்குமூலம். தான் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதை எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே ஓய்வுபெற்ற பிறகு 2013-ல் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022 மே 18-ல். கைதாகி 31 வருடம் ஆகப் போகிற நேரத்தில்.

என் அனுபவம் இதற்கு முன் தூசு. ஹாஸ்டலில் ஒரு செல்போன் காணாமல் போனது. அறைக்குப் புதிதாக வந்தவன் என்பதால் ஸ்டேஷனில் என்னை உட்கார வைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை. 'ஒத்துக்கிட்டா வீட்டுக்குப் போலாம் தம்பி' என்று ஒருவர் தன்மையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்றாவது மணி நேரத்தில், ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று எனக்கு நிஜமாகவே தோன்றியது. போன் அதற்குச் சொந்தக்காரனின் அழுக்குத்துணிப் பையில் கிடைத்தது. அப்போதும் யாரும் சாரி சொல்லவில்லை.

ஆனால் தடை ஓட்டம் நம் நாட்டில் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 100 பேரில் 75-க்கு மேல் விசாரணைக் கைதிகள். காசிருப்பவன் ஒவ்வொரு தடையையும் தன் வசதிக்குப் பயன்படுத்தி வாய்தா வாங்குகிறான், ஏழைக்கு முதல் நாளே பெல்ட். இந்த வெறுப்பில்தான் ஜனங்கள் கைதட்டுகிறார்கள். தண்டனை எவ்வளவு கொடூரம் என்பதைவிட அது தப்பாமல் வரும் என்ற நிச்சயம்தான் குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலிக்காரர் பெக்காரியா 1764-லேயே எழுதிவிட்டார். அந்த நிச்சயம் இல்லாத ஊரில் ஜனங்களுக்குக் கண்ணில் படுவது மாவுக்கட்டு ஒன்றுதான்.

பேக்கரிடம் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அவருடைய இரண்டு மாதிரியிலும் பாதிக்கப்பட்டவர் எங்கே என்று தேட வேண்டும். கனடாவின் சட்டப் பேராசிரியர் கென்ட் ரோச் 1999-ல் இதைப் பிடித்துக்கொண்டு, பாதிக்கப்பட்டவரை வைத்து இன்னும் இரண்டு மாதிரி சேர்த்தார். ஒன்று பாதிக்கப்பட்டவர் பெயரில் தண்டனையைக் கூட்டுவது, மற்றது தண்டனையைப் பெரிதாக்காமல் இழப்பைச் சரிசெய்வது. இதைச் சொன்னதும், நம்ம ஊர்ப் பஞ்சாயத்தே அதுதானே என்று யாராவது வருவார்கள். மரத்தடியில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் கைகட்டி நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பேசலாம்.

குருகிராம் கதையைக் குழுவில் போட்டேன். ராத்திரி சித்தப்பா கூப்பிட்டார். எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் வீட்டில் பதினோரு பவுன் திருடு போனது. இரண்டு வருடம் ஸ்டேஷனுக்கு நடந்தார். துப்புத் துலங்கவில்லை என்று ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான்.

"அந்த கண்டக்டர் விஷயம் நிஜமாடா?"

"நிஜம்தான் சித்தப்பா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, தப்பான ஆளை அடிக்கக் கூடாது. ஒத்துக்கிறேன். என் வீட்டுக்கு வந்தவனை எந்த மாடல்லடா பிடிப்பீங்க?" என்றார்.

நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் கூப்பிடவில்லை.