விண்டோஸ் 10க்குப் பிறகு: கணினியைத் தூக்கிப் போடும் முன்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வியைத்தான். "கணினி நன்றாகத்தான் ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏறாது என்று கடையில் சொல்கிறார்கள். புதிதாக வாங்கியே ஆக வேண்டுமா?" வேண்டாம். பெரும்பாலான வீடுகளுக்கும் சிறிய அலுவலகங்களுக்கும் வேண்டவே வேண்டாம்.

விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி. 2017இல் வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ5 கணினி இந்த வரம்புக்குச் சற்று வெளியே நின்றுவிடுகிறது. கடிதம் அடிக்க, பில் போட, பிள்ளைகள் பாடம் பார்க்க அந்தக் கணினி இன்றும் தாராளமாகப் போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தினால் அதன் வேகத்தைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள். சில கடைகளில் நிபந்தனைகளைத் தாண்டி 11ஐ ஏற்றித் தருகிறார்கள். அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்பதற்கு உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டு, எங்கிருந்தோ இறக்கிய கள்ளச் சாவி நிரலால் அதை இயக்கித் தருவது அதைவிட ஆபத்து. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் யார் எழுதியது என்றே தெரியாத நிரலை நிர்வாகி உரிமையுடன் ஓடவிடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

நான் பரிந்துரைப்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். 4 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதற்கு மேல் இருந்தால் சின்னமன் பதிப்பு. 22 வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை புதுப்பிப்புகள் உண்டு, பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பென் டிரைவில் எழுதி, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர், வெப்கேம் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். பிரிண்டரைக் கட்டாயம் சோதியுங்கள். ஹெச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். சில பழைய லேசர் பிரிண்டர்கள் உங்கள் ஞாயிற்றுக்கிழமையையே விழுங்கிவிடும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிட்டு முழுமையாக ஷட்டவுன் செய்த பிறகு சோதிப்பது நல்லது. இல்லையென்றால் பழைய கோப்புகளைப் படிக்க மட்டுமே முடியும், எழுத முடியாமல் போகலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிய பகுதி. தமிழில் எழுதுகிறவர்களுக்கு உண்மையான சிக்கல் இயங்குதளத்தில் இல்லை, பழைய கோப்புகளில் இருக்கிறது.

நம் அச்சகங்கள், டிடிபி நிலையங்கள், பள்ளிகள், கோயில் அலுவலகங்கள், எழுத்தாளர்களின் வீடுகள் எங்கே போனாலும் பாமினி, வானவில், ஶ்ரீலிபி எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல உண்மையில் தமிழாகச் சேமிக்கப்படவே இல்லை. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துவது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு நாவலே பொருளற்ற எழுத்துக் குவியலாகிவிடும். அதில் ஒரு பெயரைத் தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, கைபேசியில் படிக்க முடியாது. எழுத்துரு எதுவானாலும் தமிழைத் தமிழாகவே சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசே 2010இல் தரமாக ஏற்றுக்கொண்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் "அந்த எழுத்துரு இருக்கும் கணினியில்தான் திறக்கும்" என்ற நிலையில் நம் எழுத்து கிடப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள் கதி இன்னும் மோசம். 2001இல் வந்த 7.0 அதன் கடைசிப் பதிப்பு. அதற்கு யூனிகோடு தெரியாது. ஊர் வரலாறு, சிற்றிதழ்த் தொகுப்பு, காலமான ஆசிரியர் ஒருவரின் கையெழுத்துப் படியிலிருந்து அடித்த ஒரே பிரதி என்று எத்தனையோ இன்று அந்த வடிவத்தில் மட்டுமே உயிரோடு இருக்கின்றன.

ஆகவே இயங்குதளம் மாறும் இந்தச் சந்தர்ப்பத்தை விட்டுவிடாதீர்கள். விண்டோஸ் இன்னும் ஓடும்போதே பேஜ்மேக்கரில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, உரையைத் தனியே வெளியே எடுங்கள். அச்சு வடிவத்துக்கு ஒரு பிடிஎஃப் எடுத்து வையுங்கள். பிறகு என்ஹெச்எம் கன்வெர்ட்டர், சுரதா எழுத்துரு மாற்றி போன்ற கருவிகளால் உரையை யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியதை ஒருமுறை மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறும். ஒரே கோப்பில் இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்கள் சிதைந்து போகும். பொறுமை கேட்கும் வேலைதான். ஆனால் ஒருமுறை முடித்துவிட்டால் அந்த உரை எந்த இயங்குதளத்திலும் திறக்கும்.

"லினக்ஸில் தமிழ் அடிக்க முடியுமா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். முடியும். ஐபஸ் உள்ளீட்டு முறையையும் அதற்கான எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறை, தட்டச்சுப் பொறி முறை எல்லாம் கிடைக்கும். தட்டச்சு வகுப்பில் லோயர், ஹையர் முடித்த விரல்கள் எதையும் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

எல்லாரும் நாளைக்கே மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு மென்பொருளான டேலியை நம்பி நடக்கும் கடை, டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கொண்டு தினமும் கணக்குத் தாக்கல் செய்யும் அலுவலகம், ஃபோட்டோஷாப்பே பிழைப்பான ஸ்டூடியோ போன்ற இடங்களில் அந்த ஒரு கணினியாவது விண்டோஸிலேயே இருக்கட்டும். வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணமில்லை, இல்லையென்றால் 30 டாலர். அந்த அவகாசத்தைக் கோப்புகளை மீட்கச் செலவிடுங்கள்.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான இயங்குதளம் அது. எனக்குத் தெரிந்த மாணவர்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. பக்கத்துக் கேரளத்தில் பாடநூலே லினக்ஸை வைத்து எழுதப்பட்டது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அங்கே பள்ளி முடித்த பிள்ளைக்கு லினக்ஸ் ஓர் அன்னியப் பொருள் இல்லை. நம் பள்ளிக் கணினி அறைகளில் விண்டோஸ் 11 ஏறாமல் நிற்கும் கணினிகளை ஏலத்துக்கு அனுப்பும் முன் தலைமையாசிரியர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய தமிழ்க் கோப்புகளை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்கள் எந்த எழுத்துரு, எந்த மென்பொருள், ஏறத்தாழ எத்தனை பக்கம் என்று கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன். அதுவரை அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கை யாரும் ஃபார்மட் செய்ய விடாதீர்கள்.