சித்தியை ஏமாற்றிய ‘பேசுதேன்’

போன பங்குனியில் அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் சித்திக்கு ஒரு போன் வந்தது. “யம்மா, நாந்தான் பேசுதேன். போனு கீழ விழுந்து உடைஞ்சிட்டு, இது கூட இருக்கவன் நம்பரு. அவசரம்மா.” துபாயில் வேலை பார்க்கும் மகனின் குரல், அதே இழுப்போடு. பிசான நெல் விற்ற பணத்தில் 80,000 ரூபாயை அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் மகன் வழக்கம்போல் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, முந்தின நாள் அவன் பேசவே இல்லை.

சித்தி விவரம் தெரியாதவர் இல்லை. 30 வருடம் சத்துணவு மையத்தில் கணக்கு எழுதியவர். “உங்க ஏடிஎம் கார்டு பிளாக் ஆயிடுச்சி” என்று இந்தி வாடையோடு வந்த அழைப்புகளை எல்லாம் பாதியிலேயே துண்டித்தவர். இத்தனை நாளும் நம் திருநெல்வேலிப் பேச்சே நமக்கு வேலியாக இருந்தது. ‘பேசுதேன்’ என்று ஒருவன் சொன்னால் அவன் நம்ம ஊர்க்காரன். செயற்கை நுண்ணறிவு அந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. மூன்று விநாடிக் குரல் மாதிரி போதும், அந்த ஆளைப்போலவே பேச வைக்கலாம் என்று 2023 ஜனவரியிலேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். தம்பி பாபநாசத்தில் நின்று பேசிய வீடியோ இன்ஸ்டாகிராமில் ஒன்றரை நிமிடம் ஓடுகிறது. அதிலிருந்துதான் குரலை எடுத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

வங்கியில் சொன்ன பதில்தான் இன்னும் ஆறவில்லை. “நீங்களே உங்க கையால அனுப்பியிருக்கீங்க, நாங்க என்ன பண்ண முடியும்மா?” ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, வங்கி மேலும் வாடிக்கையாளர் மேலும் தப்பில்லாமல் வெளியாள் பணத்தை எடுத்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டம் இல்லை. கவனக்குறைவு நம் பக்கம் என்றால், புகார் சொல்லும்வரை போனது முழுக்க நம் தலையில். பெற்ற மகனின் குரலை நம்புவது கவனக்குறைவா?

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பணம் போய்ச் சேர்ந்த வங்கி பாதி. இந்த இரண்டாவது பாதிதான் முக்கியம். திருட்டுப் பணம் காற்றில் கரைவதில்லை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு யாரோ வாடகைக்கு விட்ட ஒரு கணக்கில் போய்த்தான் விழுகிறது. அந்தக் கணக்குகளைக் கண்டுபிடிக்க ‘மியூல்ஹன்டர்’ என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையமே உருவாக்கி வைத்திருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு விதி வந்து, தங்கள் கைக்காசு போகும் என்று ஆனால் எல்லா வங்கியும் அதை ஒழுங்காகப் பயன்படுத்தும். மக்கள் அஜாக்கிரதையாகிவிடுவார்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி, அப்பட்டமான அலட்சியத்துக்கு அங்கேயும் விலக்கு உண்டு.

அப்புறம், 60 வயது தாண்டியவர்கள் விரும்பினால், புதிய ஆளுக்கு முதன்முறை அனுப்பும் பெரிய தொகை சில மணி நேரம் தாமதித்துப் போகும்படி செய்யலாம். சித்திக்கு அந்த அவகாசம் கிடைத்திருந்தால் பணம் தப்பியிருக்கும்.

இன்னொன்று, நடந்ததை மறைக்காமல் மக்களிடம் சொல்வது. 2019 அக்டோபரில் நம் மாவட்டத்துக் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கணினி ஊடுருவல் பற்றிச் செய்தி வந்தபோது முதல் நாள் மறுப்பு. அடுத்த நாள், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் தீநிரல் (மால்வேர்) இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலைக் கட்டுப்பாட்டோடு அதற்குத் தொடர்பில்லை என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஊர் இத்தனை பயந்திருக்காது. 2022 முதல் இத்தகைய சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். அது அரசுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. எத்தனை மோசடிப் புகார் வந்தது, எவ்வளவு பணம் மீண்டது என்று மாவட்டவாரியாக மக்களுக்கும் சொல்லுங்கள்.

இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண் சித்திக்குத் தெரியாது. உடனே கூப்பிட்டால் பணத்தைப் பாதி வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு ரேஷன் கடைச் சுவரிலும் அந்த நான்கு இலக்கங்களைப் பெரிதாக எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

இப்போது மகன் கூப்பிட்டால் சித்தி முதலில் கேட்பது, “நம்ம செவலப் பசு எந்தக் கொம்புல முட்டும்?” அவன் பதில் சொன்ன பிறகுதான் “சாப்பிட்டியாய்யா” என்கிறார்.